அரக்கு நீக்கி எவ்வளவு?

அத்தை சுருக்குப் பையிலிருந்து கொலுசை எடுத்துப் பத்தரின் முன்னால் வைத்தபோதே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. வெள்ளி எந்த வீட்டிலும் கறுக்கும். திருநீறு போட்டுத் தேய்த்தால் வெளுத்துவிடும். இந்தக் கொலுசிலோ சலங்கை கோத்த வளையங்களின் ஓரமெல்லாம் பச்சை பூத்திருந்தது. பேத்தியின் காதுகுத்துக்கு என்று மூன்று மாதத்துக்கு முன்பு கைப்பேசியில் பார்த்து வாங்கியது. அடிமாட்டு விலைக்குக் கிடைத்ததும் இல்லை. அன்றைய வெள்ளி விலைக்குக் கொஞ்சம்தான் குறைவு. அதனாலேயே யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

திண்டுக்கல் ரத வீதியை ஒட்டிய சந்தில் அவருடைய பட்டறை. கொக்கியின் உள்பக்கத்தில் அரத்தால் ஒரே ஒரு கோடு இழுத்தார். சீசாவிலிருந்து கண்ணாடிக் குச்சியால் ஒரு சொட்டு திராவகத்தை எடுத்து அந்தக் கோட்டின் மேல் வைத்தார். நல்ல வெள்ளியாக இருந்தால் சொட்டு பால் திரிந்ததுபோல வெளிறி நிற்கும். இது பச்சையாகப் பொங்கியது.

“மேலதான் வெள்ளி, தாயி. உள்ள பூராம் செம்புக் கலப்பு.”

“925-னு நம்பர் அடிச்சிருக்கே ண்ணே?”

“அந்த அச்சு எங்கிட்டயும் இருக்கு தாயி. சொன்னா இப்பவே அடிச்சுத் தாரேன்.”

அத்தைக்குச் சின்னாளபட்டி. சுங்குடிச் சேலையை விரலிடுக்கில் வைத்து ஒரு நிமிண்டு நிமிண்டினால் நூல் எத்தனாம் நம்பர் என்று சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள் ஏமாந்தது அறியாமையால் என்று நான் நினைக்கவில்லை. அவளுடைய அறிவெல்லாம் விரலில் இருந்தது. விரலுக்கு வேலையே இல்லாத இடத்தில் வாங்கச் சொன்னோம். படத்தில் கனம் தெரியாது, தட்டினால் எழும் ஓசை தெரியாது, அரக்கு எவ்வளவு என்று தெரியாது. மிஞ்சுவது இரண்டு. ஒன்று, படத்துக்குக் கீழே எழுதியிருக்கும் நாலு வரி. இன்னொன்று, நகையில் அடித்திருக்கும் முத்திரை. முதலாவதில் என்ன எழுதியிருக்கிறது, இரண்டாவதை யார் அடித்தார்கள் என்ற இரண்டு கேள்விகளை விடாமல் பிடித்துக்கொண்டால் இணையத்தில் நகை வாங்குவதன் சிக்கலில் பெரும்பகுதி அவிழ்ந்துவிடும்.

எழுத்திலிருந்தே தொடங்குகிறேன். ஒரு நகையைப் பார்க்காதவருக்கு அதை எழுத்தில் எப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்கு நம்மிடம் ஆயிரம் ஆண்டுப் பழைய முன்மாதிரி இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராசனும் அவன் குடும்பத்தாரும் கொடுத்த நகைகளின் பட்டியல் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் கோயிலின் கல்லிலேயே வெட்டப்பட்டது. அதைப் படித்தால் மலைப்பாக இருக்கும். பொன்னை எந்தக் கல்லால் எடை போட்டார்கள் என்று முதலில் சொல்கிறது: ஆடவல்லான் என்று பெயரிட்ட எடைக்கல். மணிகள் பதித்த நகைகளுக்கு வேறு கல்: தட்சிணமேருவிடங்கன். முத்துகளை வெறுமனே முத்து என்று எழுதி விட்டுவிடவில்லை. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, சப்பத்தி, கறடு, இரட்டை என்று வகை பிரித்து எண்ணிக்கை சொல்கிறார்கள். நகையில் இருக்கும் சரடு, செப்பாணி, அரக்கு போன்றவை சொன்ன எடையில் சேர்ந்தவையா நீக்கியவையா என்பதையும் குறிக்கிறார்கள். அந்த நகையைக் கண்ணால் காணாதவர்கூட, பிற்பாடு எவராவது ஒரு முத்தைக் களவாடினால் கணக்குக் கேட்க முடியும். எழுதியதன் நோக்கமே அதுதான்.

இப்போது கைப்பேசியில் வரும் ஒரு நெக்லஸ் விளம்பரத்தை எடுத்துப் பாருங்கள். “ஆண்டிக் ஃபினிஷ், டெம்பிள் டிசைன், பிரீமியம் குவாலிட்டி, திருமணத்துக்கு ஏற்றது.” இந்த நாலு சொற்களில் எதையும் உரசிப் பார்க்க முடியாது. மொத்த எடை போட்டிருந்தால் அதுவே அதிகம். கல்லும் அரக்கும் போக எத்தனை கிராம் என்பதைக் கேட்டாலொழியச் சொல்லமாட்டார்கள். திண்டுக்கல், நிலக்கோட்டை, வத்தலக்குண்டு பக்கம் அடகு வைக்கப் போகும் எவருக்கும் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். மதிப்பீட்டாளர் அட்டிகையைத் திருப்பிப் பார்த்து, கல்லுக்கு இவ்வளவு, அரக்குக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டுத்தான் கடன் தொகை சொல்வார். வாங்கும்போது பொன் விலைக்குப் போன கல், வைக்கும்போது கல்லாகிவிடும். இணையத்தில் விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியை அந்த மதிப்பீட்டாளரிடமிருந்தே கற்றுக்கொள்ளலாம்: அரக்கும் கல்லும் நீக்கி எவ்வளவு?

சொற்களில் ஒளிந்திருக்கும் ஏமாற்று இதைவிட நுட்பமானது. “22 காரட் கோல்டு பிளேட்டட்” என்பதில் 22 காரட் என்பது மேலே பூசிய பூச்சைச் சொல்கிறது. உள்ளே பித்தளையோ செம்போ இருக்கும். “1 கிராம் கோல்டு” என்ற பெயரும் முலாம் பூசிய நகைக்கு வழங்கும் பெயர்தான். ஒரு நகையில் ஒரு கிராம் பொன் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம் கிடையாது. ஃபார்மிங் நகை, மைக்ரோ பிளேட்டிங் எல்லாம் இந்தக் குடும்பம். இவற்றை நான் குறைத்துப் பேசவில்லை. சிதம்பரம் கவரிங் என்று பெயர் சொல்லி விற்று, பெயர் சொல்லி வாங்கிய காலத்தில் அதில் ஒளிவுமறைவு எதுவும் இருக்கவில்லை. பேருந்தில் சங்கிலி பறிபோகும் பயத்தில் பொன்னைப் பெட்டியில் வைத்துவிட்டுக் கவரிங் போட்டுக்கொள்கிற பெண்கள் அதைத் தெரிந்துதான் போடுகிறார்கள். கவரிங்குக்குப் பொன்னின் சொற்களை உடுத்தி விற்பதுதான் குற்றம்.

ஐம்பொன் நகை இன்னும் வழுக்கலான இடம். பொன், வெள்ளி, செம்பு உள்ளிட்ட ஐந்து உலோகம் சேர்ந்தது ஐம்பொன். சிலை வார்க்கும் மரபிலிருந்து வந்த மதிப்பு அந்தச் சொல்லுக்கு உண்டு. காணொளிகளில் “ஒரு வருட உத்தரவாதம்” என்று விற்கப்படும் ஐம்பொன் சங்கிலியில் பொன் எத்தனை மில்லிகிராம் என்று விற்பவர் எழுதுவதில்லை. பூச்சு போனால் மீண்டும் பூசித் தருவதற்கே அந்த உத்தரவாதம். பூச்சு போகக்கூடிய நகை என்பதை அவரே சொல்லிவிடுகிறார், நாம்தான் கேட்பதில்லை.

இன்னொரு சொல் கேடிஎம். நம் பக்கத்தில் இன்றும் “கேடிஎம் நகைதானே?” என்று தரத்தைக் கேட்பதுபோலக் கேட்கிறார்கள். அது காட்மியம் கலந்த பற்றாசு வைத்து ஒட்டிய நகையைக் குறித்த சொல். பழைய பற்றாசில் செம்பு மிகுதி. நகையை உருக்கினால் மாற்று குறைந்துவிடும். காட்மியப் பற்றாசில் அந்தக் குறைவு இல்லை என்பதால் பெயர் பரவியது. ஆனால் ஊதுகுழல் முன்னால் உட்கார்ந்து அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் பத்தர்கள். காட்மியப் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் நஞ்சு. ஹால்மார்க் விதிகள் அதை ஏற்பதில்லை. ஒரு பக்கத்தில் “916 கேடிஎம்” என்று பெருமையாகப் போட்டிருந்தால், எழுதியவருக்கு நகைத் தொழில் தெரியாது அல்லது வாங்குபவருக்குத் தெரியாது என்று நம்புகிறார்.

இனி முத்திரை. பத்தர் சொன்னதுபோல 925, 916 என்று எண் அடிக்க ஓர் எஃகு அச்சும் சுத்தியலும் போதும். அடித்தவர் விற்பவரே என்றால் அது அவருடைய வாக்குமூலம், அவ்வளவே. ஹால்மார்க் என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கும் கருத்தே, விற்பவருக்குச் சம்பந்தமில்லாத மூன்றாமவர் சோதித்து அடிக்க வேண்டும் என்பது. லண்டன் பொற்கொல்லர் சங்கத்தின் மண்டபத்துக்கு நகையைக் கொண்டுபோய் முத்திரை வாங்கிய வழக்கத்திலிருந்து பிறந்த பெயர் அது. இந்தியாவில் இந்தியத் தர நிர்ணய அமைவனமான பிஐஎஸ் 2000ஆம் ஆண்டில் தங்கத்துக்கும் 2005இல் வெள்ளிக்கும் இதைத் தொடங்கியது. இருபது ஆண்டுகள் விருப்பப்பட்டவர் செய்துகொள்ளலாம் என்றே இருந்தது. 2021 ஜூனில் 256 மாவட்டங்களில் தங்க நகைக்குக் கட்டாயமானது. பிறகு படிப்படியாக மாவட்டங்கள் கூடின.

2021 ஜூலையில் வந்த மாற்றம் அதைவிடப் பெரியது. ஒவ்வொரு நகைக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கத் தனி அடையாளம். ஹெச்யுஐடி என்பார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அது இல்லாத ஹால்மார்க் நகையைக் கடைக்காரர் விற்கக் கூடாது. இப்போது நகையில் மூன்று குறிகள் இருக்க வேண்டும்: பிஐஎஸ் முக்கோணம், ‘22கே916’ போன்ற தூய்மைக் குறி, இந்த ஆறு இலக்கம். பிஐஎஸ் கேர் என்ற கைப்பேசிச் செயலியில் ஆறு இலக்கத்தை இட்டால், எந்தக் கடையின் பதிவில், எந்த மையத்தில், எந்தத் தேதியில் சோதித்தது, என்ன வகை நகை, என்ன தூய்மை என்று வரும்.

இங்கே பலர் நின்றுவிடுகிறார்கள். செயலியில் பச்சை தெரிந்தவுடன் நிம்மதி. உண்மையான நகை ஒன்றின் ஆறு இலக்கத்தைப் பார்த்து அப்படியே போலி நகையில் பொறித்தால் செயலி அதற்கும் விவரம் காட்டும். வருகிற விவரத்தை வரி வரியாகக் கையிலிருக்கும் நகையோடு ஒப்பிட வேண்டும். செயலி மோதிரம் என்கிறது, கையில் இருப்பது சங்கிலி என்றால் கதை முடிந்தது. கடைப் பதிவு சூரத்தில் இருக்கிறது, விற்றவர் தன்னைக் கோவைக்காரர் என்கிறார் என்றால் கேட்க வேண்டும். பணம் கட்டும் முன்பே ஆறு இலக்கத்தை அனுப்பச் சொல்லலாம். பாசாங்கில்லாத விற்பனையாளருக்கு அதில் தயக்கம் இருக்காது என்பது என் அனுபவம்.

தூய்மைக் குறியில் கவனிக்க வேண்டியது வேறு. ஹால்மார்க் இருக்கிறது என்பதும் 22 காரட் என்பதும் ஒன்றல்ல. 14, 18, 20, 22, 23, 24 காரட்டுகளுக்கு முத்திரை உண்டு. 2025 ஜூலையில் 9 காரட்டும் சேர்ந்தது. பவுன் விலை அதே ஆண்டு டிசம்பரில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிய பிறகு எடை குறைந்த, காரட் குறைந்த நகைகள் இணையத்தில் குவிவது இயல்புதான். வைரம் பதித்தவை பெரும்பாலும் 18, 14 காரட். எட்டு கிராம் சங்கிலியில் 22 காரட் என்றால் சுத்தப் பொன் 7.33 கிராம், 18 காரட் என்றால் 6 கிராம். வித்தியாசம் 1.33 கிராம். நிறத்தில் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. படத்தில் மஞ்சளைக் கூட்டுவது ஒரு விரல் அசைவு.

வீட்டில் என்ன சோதனை செய்யலாம் என்று பலர் கேட்கிறார்கள். காந்தம் பயன்படாது, பித்தளையும் செம்பும்கூடக் காந்தத்தில் ஒட்டாது. அதோடு, நல்ல நகையின் கொக்கியில் இருக்கும் எஃகுச் சுருள் ஒட்டி வீணாகப் பயமுறுத்தும். உருப்படியான சோதனை தண்ணீரில் எடை பார்ப்பது. நூறில் ஒரு கிராம் காட்டும் சின்ன மின்தராசு வேண்டும். தராசின் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துச் சுழியாக்கிக்கொண்டு, சங்கிலியை நூலில் கட்டி அடியில் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும். தராசு காட்டும் எண் சங்கிலி இடம்பெயர்த்த தண்ணீரின் எடை. எட்டு கிராம் சங்கிலி கெட்டியான 22 காரட் என்றால் ஏறக்குறைய 0.45 கிராம் காட்டும். பித்தளை என்றால் 0.94 பக்கம். இரண்டு மடங்கு வித்தியாசம், யாருக்கும் தெரியும். 18 காரட்டுக்கு 0.52 வரும், அந்தச் சின்ன இடைவெளியை ஒட்டியிருக்கும் ஒரு காற்றுக்குமிழியே கெடுத்துவிடும். எனவே பித்தளையைப் பிடிக்க இது போதும், காரட்டைத் தீர்க்கப் போதாது. கல் பதித்தது, அரக்கு நிரப்பியது, உள்ளே குழாயாக இருப்பது எதற்கும் இது உதவாது.

கடைகளில் இருக்கும் காரட் மெஷின் எக்ஸ்கதிர் பாய்ச்சி ஒரு நிமிடத்தில் சதவீதம் சொல்லும். அது பார்ப்பது மேல் தோலை மட்டும். கனமாக முலாம் பூசியிருந்தால் முலாமின் காரட்டைச் சொல்லிவிட்டுப் போகும். உரைகல்லும் அப்படித்தான் என்பதால்தான் பத்தர்கள் அரத்தால் ஓர் ஓரத்தைக் கீறி, உள் உலோகத்தைக் கல்லில் உரசுகிறார்கள். மாற்றுத் தெரிந்த ஆணியால் பக்கத்தில் இன்னொரு கோடு. இரண்டின் மேலும் திராவகம். எது எவ்வளவு மங்குகிறது என்று பார்க்கிறார்கள். ஐயமில்லாத தீர்ப்பு நெருப்பில்தான். நகையிலிருந்து சிறு துணுக்கை வெட்டி, வெள்ளியோடு ஈயத் தகட்டில் சுற்றி, எலும்புச் சாம்பல் போன்ற பொருளால் செய்த சிறு கிண்ணத்தில் வைத்து ஆயிரம் டிகிரிக்கு மேல் உருக்குகிறார்கள். ஈயம் மற்ற மட்ட உலோகங்களை இழுத்துக்கொண்டு கிண்ணத்துக்குள் இறங்கிவிடும். மிஞ்சும் மணியில் பொன்னும் வெள்ளியும் இருக்கும். திராவகத்தில் வெள்ளி கரைய, பொன் மட்டும் நிற்கும். அதை எடை போட்டால் மாற்று.

இந்தச் சோதனைக்குப் பிஐஎஸ் அங்கீகாரம் பெற்ற மையத்துக்கு வாங்கியவரே நேரில் போகலாம். நான்கு நகை வரை 200 ரூபாய் என்று 2022இல் கட்டணம் அறிவித்தார்கள். முத்திரையில் சொன்னதைவிடத் தூய்மை குறைந்திருந்தால், குறைந்த பொன்னின் மதிப்பில் இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் தர வேண்டும் என்பது 2018ஆம் ஆண்டு பிஐஎஸ் விதிகளில் இருக்கிறது. பில்லில் நகையின் பெயர், பொன்னின் நிகர எடை, காரட், ஹால்மார்க் கட்டணம் எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். பில் இல்லாமல் வாட்ஸ்அப்பில் வாங்கிய நகைக்கு இந்த விதி எழுத்தாகவே இருந்துவிடும்.

கல் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே கண்ணுக்கும் கைக்கும் வேலை மிகக் குறைவு. அமெரிக்கன் டைமண்ட் என்பது வைரமே இல்லை, சிர்கோனியா. மாய்சனைட் கல்லைச் சாதாரண வெப்பச் சோதனைக் கருவி வைரம் என்றே காட்டும். ஆய்வகத்தில் வளர்த்த வைரம் உண்மையிலேயே வைரம். மண்ணில் விளைந்ததிலிருந்து அதைப் பிரிக்க ஆய்வகக் கருவி தேவை. சான்றிதழ் எண்ணை அதை வழங்கிய ஆய்வகத்தின் தளத்தில் இட்டுப் பார்ப்பதும், கல்லின் இடுப்பில் லேசரில் பொறித்த எண்ணோடு ஒப்பிடுவதுமே வழி. இங்கிருந்து அறுபது சொச்சம் கிலோமீட்டரில் இருக்கும் மதுரையின் மணி வீதியைச் சொல்லும்போது சிலப்பதிகாரம் வைரத்தின் குற்றங்களைக் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று பெயரிட்டு அடுக்குகிறது. குற்றத்துக்குப் பெயர் வைத்திருந்த சமூகம் அது. அந்த ஊரிலேயே ஒரு சிலம்பின் உள்ளே முத்தா மாணிக்கமா என்று உடைத்துப் பார்க்காமல் ஓர் உயிரை எடுத்தார்கள்.

ஊர்ப் பெயரும் ஒரு முத்திரைதான். நாகர்கோவில் வடசேரியில் செய்யும் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு உண்டு; வெள்ளியில் கட்டிப் பொன் பூசிக் கெம்புக் கல் பதிக்கும் வேலை. இணையத்தில் டெம்பிள் ஜுவல்லரி என்று தேடினால் வருகிற ஆயிரக்கணக்கான படங்களில் எத்தனை வடசேரி கண்டவை? திண்டுக்கல்காரர்களுக்கு இந்த வலி புரியும். நம் பூட்டுக்கு 2019இல்தான் அந்தக் குறியீடு கிடைத்தது. அதற்குள் பூட்டுப் பட்டறைகளில் பாதிக்கு மேல் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டதை நாம் கண்ணால் பார்த்தோம்.

ஏமாந்த பிறகு என்ன செய்வது? பார்சலைப் பிரிக்கும்போது வெட்டாமல் ஒரே காணொளியாக எடுத்து வைத்திருப்பவரின் கை ஓங்கும். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி விற்பவரின் பெயரும் முகவரியும் குறைதீர் அலுவலரின் விவரமும் தெரியும்படி இருக்க வேண்டும். புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்று ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. பலருக்குத் தெரியாத நல்ல விதி ஒன்று: 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். விற்றவர் ஜெய்ப்பூரில் இருந்தாலும் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. ஆனால் முகவரியே இல்லாத கணக்கிலிருந்து வாங்கியவர் யார் மீது போடுவார்? அத்தைக்கு நடந்தது அதுதான். கொலுசு விற்ற பக்கம் அழிந்து, வேறு பெயரில் வேறு படங்களோடு நடக்கிறது.

வெள்ளிக்கும் ஆறு இலக்க அடையாளம் 2025 செப்டம்பர் 1இல் வந்தது, ஆனால் கட்டாயமில்லை. தங்கத்திலும் இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. இந்த விலக்கை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமை வருகிறது. இரண்டு கிராமுக்குக் குறைந்த நகை எது? மூக்குத்தி, குழந்தைத் தோடு, தாலி உரு. பூச்சந்தைக்கு மல்லிகை கொண்டுவரும் வீட்டிலும், நூற்பாலைக்கு ஷிப்டு போகும் வீட்டிலும் வாங்குவது இவற்றைத்தான். பத்துப் பவுன் ஆரம் வாங்குபவருக்குச் செயலியும் மையமும் இரட்டை இழப்பீடும் இருக்கின்றன. ஒரு கிராம் தோடு வாங்குபவர் விற்பவரின் முகத்தைப் பார்த்து நம்ப வேண்டும். இணையத்தில் அந்த முகமும் இல்லை. நகை சின்னது என்றால் முத்திரை அடிக்க இடம் கிடையாது என்பார்கள். மூக்குத்தியைப் போட்ட அட்டையில் மூன்றாமவரின் சோதனைச் சீட்டை ஒட்ட இடம் இருக்கிறதே.

கொலுசைத் திரும்பச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்ட அத்தை எழுந்திருக்கவில்லை. சற்று நேரம் கழித்து, “ண்ணே, அப்ப இதையும் பாத்துருங்க” என்று திருகாணியைக் கழற்றி மூக்குத்தியை நீட்டினாள். கல்யாணத்துக்கு மாமியார் போட்டது. கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த தராசு 0.640 என்று காட்டியது. முத்திரை ஏதும் இல்லை. பத்தர் அதன் தண்டைக் கறுப்புக் கல்லில் மெதுவாக இழுத்தார். மஞ்சளாக ஒரு கோடு விழுந்தது. பக்கத்தில் ஆணியால் ஒரு கோடு. இரண்டின் மேலும் திராவகத்தைத் தடவிவிட்டு, கல்லை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பி அவளிடமே காட்டினார். இரண்டு கோடும் அப்படியே நின்றன.